கிழட்டு ரத்தமும் ஒரு சாக்லெட் உருண்டையும்

அத்தியாயம் 6

திருடனைப் பிடிக்க வந்த இடத்தில் நாமே திருடக் கூடாது என்று சிக்ஸ்டனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. சொல்லித் தந்திருந்தாலும் உல்லாவின் தட்டைப் பார்த்த மாத்திரத்தில் மறந்திருப்பான்.

தட்டு நிறைய சாக்லெட் உருண்டைகள். ஓட்ஸையும் வெண்ணெயையும் கோகோவையும் பிசைந்து, தேங்காய்த் துருவலில் புரட்டி எடுத்தவை. ஆய்வகத்தின் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் உல்லா, எல்லோரும் கூடி உட்கார்ந்து காபி குடிக்கும் காலை இடைவேளையான ஃபீக்காவுக்காக வீட்டிலிருந்து உருட்டிக்கொண்டு வந்திருந்தார். காபி ஜாடி, கோப்பைகள், நாப்கின்கள் எல்லாம் மேஜையில் தயார். மணி அடித்து ஆட்கள் வர வேண்டியதுதான் பாக்கி.

ஆளுக்கு ஒன்று. இரண்டாவதை எடுப்பவனை ஸ்வீடனில் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு நாலு திட்டு வாங்குவதே தேவலை என்று சிக்ஸ்டன் அனுபவத்தில் அறிந்தவன். எனவே இரண்டாவதை முன்கூட்டியே எடுப்பது என்று முடிவு செய்தான்.

ஓர் உருண்டையை நாப்கினில் சுருட்டினான். பாக்கெட்டில் போட்டால் கோட்டு நாசமாகும். எதிரே, எலிகளின் செல்களைப் பிரித்தெடுக்கும் செல் அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஜன்னல் கட்டையில் ஒரு ஜெரேனியம் பூந்தொட்டி. பொட்டலத்தை அதன் பின்னால் வைத்துவிட்டு, ஒன்றுமறியாத முகத்துடன் வெளியே வந்தான்.

"தின்பண்டம் உள்ள கொண்டு போகக் கூடாதுன்னு கதவுலயே எழுதியிருக்கு" என்றது ஒரு குரல்.

தாக்னி வெஸ்ட்மன். அவனுடைய முதலாளி. அறுபதை நெருங்கும் பெண் துப்பறிவாளர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளை விசாரித்தே பாதி வயதைக் கழித்தவர். பொய் கேட்டுக் கேட்டுத்தான் அவருக்குக் காது மந்தமானது என்பது சிக்ஸ்டனின் கட்சி.

"நான் எதுவும் கொண்டு போகலியே, பாஸ்."

"உன் விரல்ல தேங்காய்ப்பூ."

"தலையைச் சொறிஞ்சேன். பொடுகு."

தாக்னி காதுக்குப் பின்னால் கையை வைத்துக் காது மெஷினை அணைத்தார். சிக்ஸ்டனோடு வாதாடுவதற்கு அவர் கண்டுபிடித்திருந்த ஒரே வழி அதுதான்.

கணகணவென்று மணி அடித்தது. மாட்டுக் கழுத்து மணி. பேராசிரியர் சோல்வேயின் குடும்பத்துக்கு வடக்கே மலைப் பக்கம் ஒரு கோடைக்காலப் பண்ணை உண்டு. அங்கிருந்து கொண்டுவந்த மணியைத் தினமும் காலையில் அவர் கையாலேயே அடிப்பார். அடித்த மறு நிமிடம் அந்தத் தளம் முழுவதும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடும். பல ஆண்டுப் பழக்கம்.

வராதவன் ஒருவன் மட்டுமே.

"பாத்தீங்களா?" சோல்வேய் குரலைத் தாழ்த்தினார். உயரமான பெண்மணி, குட்டையாக வெட்டிய வெள்ளைத் தலைமுடி, அழகாகப் பின்னிய ஸ்வெட்டர். "எல்லாரும் வந்தாச்சு. அவன் வரல. இங்க சேர்ந்ததுலேருந்து ஒரு நாள் வந்ததில்ல. ஒரு பன்னைக் கூடத் தொட்டதில்ல. மனசுல கள்ளமில்லாதவன் ஃபீக்காவுக்கு வராம இருப்பானா?"

கண்ணாடிக் கதவு வழியாகச் செல் அறை தெரிந்தது. உள்ளே ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தான். வாஷிங்டன் எட்செவெரி. உருகுவேயின் தலைநகர் மான்டிவிடியோவிலிருந்து வந்த ஆராய்ச்சியாளன். சோல்வேய் பிராது கொடுத்திருப்பது அவன் மீதுதான்.

"பேரு வாஷிங்டன், ஊரு மான்டிவிடியோவா?" என்றான் சிக்ஸ்டன். "ஆள் மாறாட்டத்தைப் பெத்தவங்களே ஆரம்பிச்சு வெச்சுட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிக்ஸ்டனின் கண் வாஷிங்டன் மேல் இல்லை. அவனுக்கு ஓரடி தள்ளியிருந்த ஜெரேனியத்தின் மேல் இருந்தது.

விஷயம் இதுதான். எலும்புக்குள் மஜ்ஜை, மஜ்ஜைக்குள் மிகச் சொற்பமாக ரத்த ஸ்டெம் செல்கள். உடம்பில் ஓடும் மொத்த ரத்தமும் அவற்றின் வாரிசு. பாதி நாள் அவை தூங்கிக்கொண்டிருக்கும். காய்ச்சலோ காயமோ வந்தால் திடுக்கிட்டு எழும். அப்போது அவற்றுக்குள் ஐந்து மரபணுக்கள் அபாயச் சங்கு ஊதும். இளம் எலியில் ஊதி ஓய்ந்துவிடும் அந்தச் சங்கு, கிழ எலியில் காரணமே இல்லாமல் ஊதிக்கொண்டே இருக்கும் என்று சோல்வேய் கண்டுபிடித்தார். ஒரு கடற்பாசியின் சாற்றைக் குடிதண்ணீரில் கலந்து கொடுத்தால் கிழ எலியிலும் சங்கு நின்றுவிடும் என்பது அதற்கடுத்த கண்டுபிடிப்பு. 'கிழ எலிக்கு வாலிப ரத்தம்' என்று பத்திரிகைகள் எழுதின. அறுபது தாண்டிய பெரிய மனிதர்கள் பலர் திடீரென்று எலிகள் மேல் அக்கறை கொண்டார்கள்.

போன இலையுதிர் காலத்தில் சோல்வேய் நாடு நாடாக மேடையேறப் போய்விட, பரிசோதனை வாஷிங்டன் கைக்கு வந்தது. அன்றோடு பிடித்தது சனி. சாறு குடித்த எலியில் சங்கு ஊதவில்லை, சரி. குடிக்காத எலியிலும் ஊதவில்லை. வித்தியாசம் என்று ஒன்று இருந்தால்தானே மருந்து?

"குடிக்காத எலி எப்படி இளமையாகும்? சொல்லுங்க" என்றார் சோல்வேய். "அதோட தண்ணியிலயும் எவனோ திருட்டுத்தனமா சாறு ஊத்தறான். நாங்க எல்லாரும் இங்க உக்காந்திருக்கற நேரத்துல, இந்தத் தளத்துல தனியா இருக்கறது அவன் ஒருத்தன்தான்."

"எதுக்காக ஊத்தணும்?" என்றான் சிக்ஸ்டன்.

"வந்த முதல் மாசமே எங்கிட்ட சொன்னான், இந்த முடிவு எனக்கு நம்பிக்கை இல்லேன்னு. அவன் சொன்னது சரின்னு ஆகணும். அதுக்காக என் மூணு வருஷ உழைப்ப அழிக்கறான். வெள்ளிக்கிழமை விசாரணைக் குழு கூடுது. அதுக்குள்ள எனக்கு ஆதாரம் வேணும், தாக்னி. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

தாக்னி காபியை உறிஞ்சினார். காது மெஷின் எப்போது மீண்டும் உயிர் பெற்றது என்று சிக்ஸ்டனுக்குத் தெரியவில்லை.

"இவ்வளவு நேரமா அவர் அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கலியே?"

"இன்னிக்கு நீங்க இருக்கீங்க. அதான்."

சந்தேகம் முற்றிய பிறகு, ஒருவன் எழுந்தாலும் குற்றம், உட்கார்ந்தாலும் குற்றம்.

*

ஃபீக்கா முடிந்து கோப்பைகள் கழுவப்பட்டதும் சிக்ஸ்டன் விசாரணையைத் தொடர்வதுபோலச் செல் அறைக்குள் நழுவினான். வாஷிங்டன் நிமிர்ந்து பார்த்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். தூக்கம் கெட்ட கண்கள்.

"அந்தத் தொட்டிக்குப் பின்னால இருக்கறது உங்களோடதா?" என்றான். "நான் தொடல. இப்பல்லாம் நான் எதைத் தொட்டாலும் பிரச்சினை."

சிக்ஸ்டன் நாப்கினைப் பிரித்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்தால் உள்ளே செத்த எலி இருந்ததென்று யாரும் நினைப்பார்கள். உருண்டை உருண்டையாக இல்லை. உருகிக் கொழகொழத்து, நெய் வடிந்து, நாப்கினோடு ஒட்டிக் கிடந்தது. விரலில் பட்டதை நக்கினான். அப்போதும் ருசி குறையவில்லை என்பது துக்கத்தை இன்னும் கூட்டியது.

"பொடுகு உருகிடுச்சா?" தாக்னி வாசலில் நின்றார்.

"பாஸ், ஒரு மனுஷன் துக்கத்துல இருக்கும்போது..."

தாக்னி அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். நாப்கினைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். வெளியே பிப்ரவரிப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் கட்டையில் உள்ளங்கையை அழுத்தினார். பிறகு முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் குனிந்து கீழே பார்த்தார். கட்டைக்குக் கீழே சுவரோடு சுவராக ஹீட்டர். குளிர் மாதங்கள் முழுக்க அது அணைக்கப்படுவதே இல்லை.

"எவ்வளவு நேரம் இங்க இருந்துது?"

"ஃபீக்கா ஆரம்பிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வெச்சேன்."

"அரை மணி நேரத்துல இந்தக் கதி." அவர் கட்டையைக் கூர்ந்து பார்த்தார். வெள்ளை பெயிண்டில் சிறு சிறு உரசல்கள். இரண்டு வரிசை. மேஜையில் ட்யூப்களைச் செருகி வைக்கும் ஒரு கம்பி ஸ்டாண்டு இருந்தது. அதை எடுத்து உரசல்களின் மேல் வைத்தார். நாலு காலும் பிசகாமல் பொருந்தின.

"வாஷிங்டன், இந்த ஸ்டாண்டை இங்க வைக்கறது நீங்களா?"

"நானா? கிடையாது. என் ட்யூப் எல்லாம் ஐஸ்லதான் இருக்கும். ஒண்ணு முடிஞ்ச கையோட அடுத்தது. நடுவுல நிறுத்தவே மாட்டேன்."

"அதனாலதான் ஃபீக்காவுக்கு வரதில்லையா?"

அவன் மேஜைக்கடியில் வைத்திருந்த ஃபிளாஸ்க்கைக் காட்டினான். பக்கத்தில் ஒரு சிறிய சுரைக்குடுக்கை, அதில் செருகிய உலோக உறிஞ்சுகுழல். "எங்க ஊர்ல மத்தேதான். கசப்பு இலைத் தண்ணி. அதையும் வேலை முடிஞ்சு வராந்தால நின்னுதான் குடிப்பேன். பாதி வேலைய விட்டுட்டு எழுந்து போக எனக்கு மனசு வராது. அது இங்க இவ்வளவு பெரிய அவமரியாதைன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சப்ப யாரும் எங்கூடப் பேசறதையே நிறுத்திட்டாங்க."

சிக்ஸ்டனுக்கு என்னவோ போலிருந்தது. சற்று முன் இவனைப் பார்த்து ஒரு ஜோக் அடித்தோமே என்று வருத்தப்பட்டான்.

"வெள்ளிக்கிழமை எனக்கு எதிரா முடிவு பண்ணினாங்கன்னா," வாஷிங்டன் கையுறையைக் கழற்றியபடி சொன்னான், "விசா போகும். அது கூடப் பரவாயில்ல. எலித் தண்ணியில கலப்படம் பண்ணினவன்னு பேராயிடும். உலகத்துல எந்த ஆய்வகமும் என்னை வாசல்படி ஏற விடாது. நான் பண்ணினது ஒண்ணே ஒண்ணு. என் கையில என்ன வந்துதோ அதை அப்படியே சொன்னேன்."

தாக்னி வெளியே போனார். வராந்தாவின் கோடியில் உல்லாவை நிறுத்தி ஏதோ கேட்டார். உல்லா முதலில் விழித்தார். பிறகு 'ஐயோ' என்பதுபோலக் கன்னத்தில் கை வைத்தார். கடைசியில் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார்.

"என்ன பாஸ் கேட்டீங்க?"

"எலிக்கு எத்தனை காலுன்னு கேட்டேன்."

"நாலுன்னு நானே சொல்லியிருப்பேனே!"

"பின்னங்கால் ரெண்டு போதும்" என்று சொல்லிவிட்டு தாக்னி நேராகச் சோல்வேயின் அறைக் கதவைத் தட்டினார்.

"ஆதாரம் கேட்டீங்க இல்ல? நாளைக்கு வாஷிங்டன் இந்தப் பக்கமே வர வேண்டாம். நீங்களே உங்க கையால பரிசோதனையைப் பண்ணுங்க. முன்னாடி எப்படிப் பண்ணுவீங்களோ அப்படியே. எதையும் மாத்தாதீங்க. உங்க கையில வித்தியாசம் வந்தா, அப்புறம் நான் பாத்துக்கறேன்."

சோல்வேயின் முகம் மலர்ந்தது. "வரும். என் கைக்கு எப்பவும் வரும்."

*

மறுநாள் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்த சோல்வேயைப் பார்த்தால் கடற்பாசிச் சாற்றை அவரே ஒரு டம்ளர் குடித்துவிட்டு வந்ததுபோல இருந்தது. மேடைகளில் பேசிப் பேசி அலுத்தவருக்குச் சொந்தக் கையால் வேலை செய்வதில் அவ்வளவு சந்தோஷம். மெல்லிய குரலில் ஏதோ பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

உல்லா இரண்டு சீசாக்களைக் கொண்டுவந்து வைத்தார். சுத்தம் செய்த எலும்புகள். சிவப்பு மூடி, சாறு குடித்த எலி. நீல மூடி, குடிக்காத எலி. வைத்த கையோடு யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார்.

சோல்வேய் சிவப்பு மூடியை முதலில் எடுத்தார்.

"எப்பவும் அதுதான் முதலா?" என்று கேட்டார் தாக்னி.

"எப்பவும். நல்ல சேதிய முதல்ல பாத்துடணும்னு ஒரு ஆசை" என்று சிரித்தார் சோல்வேய்.

எலும்பை நசுக்கி, மஜ்ஜையை எடுத்து, வடிகட்டி, சாயம் சேர்த்து, செல் பிரிக்கும் மெஷினில் ஏற்றினார். கைகளில் ஒரு தடுமாற்றமும் இல்லை. மெஷின் கோடிக்கணக்கான செல்களுக்கு நடுவிலிருந்து ஸ்டெம் செல்களை மட்டும் பொறுக்கியெடுத்து ஒரு சொட்டுத் திரவமாகக் கொடுத்தது. அதை உறைய வைத்தார். அடுத்தது நீலம். நசுக்கி, வடிகட்டி, சாயம் சேர்த்து, ட்யூபைக் கம்பி ஸ்டாண்டில் செருகினார். மெஷினில் ஏற்ற வேண்டியதுதான். கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, மீதியை ஃபீக்கா முடிச்சுட்டுப் பாக்கலாம்."

ஸ்டாண்டை இரண்டு கைகளாலும் பத்திரமாகத் தூக்கினார். அறையைச் சுற்றிப் பார்த்தார். ஜெரேனியத்துக்குப் பக்கத்தில், ஜன்னல் கட்டையில் வைத்தார்.

"மேஜைல வெச்சா யாராவது தட்டி விட்டுடுவாங்க" என்று விளக்கமும் சொன்னார்.

சிக்ஸ்டன் ஜன்னலைக் காட்டினான். "பாஸ்! அந்த இடத்துல... என் உருண்டை..."

தாக்னியின் கை காதுக்குப் பின்னால் போனது. மெஷின் அணைந்தது. வராந்தாவில் மாட்டு மணி கணகணத்தது.

அன்று ஃபீக்காவுக்கு லவங்கப்பட்டை பன். சிக்ஸ்டன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றே ஒன்று எடுத்தான், அதையும் பாதியில் வைத்துவிட்டான். உல்லா அவனுக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரித்தார்.

*

ஆயிரக்கணக்கான மரபணுக்களையும் முழுசாக வாசிக்க வாரக்கணக்கில் ஆகும். சங்கு ஊதும் அந்த ஐந்தை மட்டும் அளக்க ஒரு மதியம் போதும். சாயங்காலம் தாக்னியும் சிக்ஸ்டனும் உல்லாவும் சோல்வேயின் கம்ப்யூட்டர் முன்னால் கூடினார்கள். வாஷிங்டனையும் தாக்னி வரவழைத்திருந்தார். கோட்டைக் கழற்றாமல் கதவோரம் நின்றான். தீர்ப்புக் கேட்க வந்தவனுக்கு உட்காரத் தோன்றவில்லை.

திரையில் கோடுகள் எழுந்தன. சிவப்புக் கோடுகள் ஐந்தும் தரையோடு தரையாகக் கிடந்தன. நீலக் கோடுகள் ஐந்தும் கூரையை முட்டின.

"பாத்தீங்களா!" சோல்வேய் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "சாறு குடிச்சது இளசு. குடிக்காதது கிழம். மூணு வருஷமா இதைத்தான் சொல்றேன். என் கையில வருது. அவன் கையில மட்டும் வரல. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

வாஷிங்டன் சுவரில் சாய்ந்தான். அவன் முகத்தில் ரத்தம் இல்லை. கிழ ரத்தமும் இல்லை, வாலிப ரத்தமும் இல்லை.

"இது எப்படி வந்துதுன்னு எனக்குத் தெரியல" என்றான் மெதுவாக. "ஆனா சத்தியமா நான் எந்தத் தண்ணியிலயும் எதையும் ஊத்தல."

"உல்லா," என்றார் தாக்னி, "அந்த ரெண்டு எலியப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க."

உல்லா முந்தானை இருந்திருந்தால் அதில் முகம் மூடியிருப்பார். கோட்டின் பொத்தானைத் திருகினார். "ரெண்டு எலி இல்ல, சோல்வேய். ஒண்ணுதான்."

"என்ன ஒண்ணு?"

"ஒரே கிழ எலி. சிவப்பு மூடில இருந்தது அதோட வலது கால். நீல மூடில இருந்தது இடது கால்."



"சாறு?"

"ஒரு சொட்டு குடிச்சதில்ல. பொறந்ததுலேருந்து வெறும் தண்ணிதான்."

"அப்ப வலது கால் வாலிபம், இடது கால் கிழமா?" சிக்ஸ்டனால் அடக்க முடியவில்லை. "பாவம், எப்படி நடந்துது அது?"

சோல்வேய் அவனைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார். சிவப்பு, நீலம். மறுபடியும் சிவப்பு, நீலம். பிறகு செல் அறைக்குப் போனார். அவர்கள் பின்னால் போனபோது ஜன்னல் கட்டையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கையை எடுக்கவே இல்லை.

"நேத்து இவன் இங்க ஒரு சாக்லெட் உருண்டையத் திருடி வெச்சான்" என்றார் தாக்னி. குரலில் வெற்றி எதுவும் இல்லை. "உருகிப் போச்சு. அதுக்கே அந்தக் கதின்னா செல்லு என்ன பாடு படும்? வலது கால் நேரா மெஷினுக்குப் போச்சு. இடது கால் இங்க வெந்துது. உயிருள்ளது, பயந்து போச்சு. சங்கு ஊதிச்சு. நீங்க அதைக் கிழம்னு படிச்சீங்க. உங்க சாறு எதையும் இளமையாக்கல, சோல்வேய். சாறு குடிக்காத எலிய ஃபீக்காதான் கிழமாக்கிச்சு. தினம் தினம்."

"அப்ப வாஷிங்டன்..." என்று இழுத்தார் சோல்வேய்.

"அவர் எழுந்து போகல. அதனால எந்த ட்யூபும் சூடாகல. எந்தச் செல்லும் பயப்படல. நீங்க எதைக் குற்றம்னு சொன்னீங்களோ, அது ஒண்ணுதான் இந்தத் தளத்துல ஒழுங்கா நடந்த வேலை."

வாஷிங்டன் தரையில் உட்கார்ந்துவிட்டான். மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்தது கண்ணில் வழிந்தது. குளிருக்கு மாட்டியிருந்த கையுறையால் துடைக்கப் போனவனைத் தடுத்து உல்லா ஒரு நாப்கினைக் கொடுத்தார். அதில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது.

சோல்வேய் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார். "இது தெரிஞ்சது நாம அஞ்சு பேருக்குத்தான், இல்லையா?"

"எலியைச் சேர்த்தா ஆறு" என்றான் சிக்ஸ்டன்.

"நான் பிராதைத் திரும்ப வாங்கிக்கறேன். தப்பா புரிஞ்சுக்கிட்டேன்னு குழுகிட்ட சொல்லிடறேன். வாஷிங்டன் பேருக்கு ஒரு கறையும் இருக்காது. சாறு விஷயத்தை... கொஞ்சம் கொஞ்சமா, நானே பாத்துக்கறேன்."

தாக்னி தோளைக் குலுக்கினார். "கலப்படம் நடந்துதான்னு கண்டுபிடிக்கத்தான் கூப்பிட்டீங்க. நடக்கல. என் வேலை முடிஞ்சுது. மீதிக்கு நீங்க கேக்க வேண்டியது என்னை இல்ல."

எல்லோரும் தரையில் இருந்தவனைப் பார்த்தார்கள். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது அவனுக்கு. விசா, வேலை, பெயர். தலையை ஆட்டினால் போதும். ஆட்டிவிடு, மடையா என்று சிக்ஸ்டன் மனசுக்குள் கத்தினான்.

"சும்மா இருந்துடலாம்" என்றான் வாஷிங்டன். "ஆனா இன்னும் எத்தனையோ ஊர்ல எத்தனையோ பேர் இதையே பண்ணிப் பாத்துட்டு இருப்பாங்க. ஐஸ்ல வெச்சுப் பண்ணுவாங்க. வராது. அவங்க மேல இதே பழி விழும். இல்லேன்னா தன் கைதான் சரியில்லேன்னு அவங்களே நினைச்சுப்பாங்க. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

சோல்வேய் ஜன்னலை விட்டுத் திரும்பினார்.

"ஜப்பான்லேருந்து ஒரு பொண்ணு எழுதியிருந்தா," என்றார். "எவ்வளவு முயற்சி பண்ணியும் வரலேன்னு. 'உனக்குக் கை பழகல, இன்னும் பழகு'ன்னு பதில் போட்டேன். போன வருஷம் அவளோட பேராசிரியரைப் பாத்தேன். அந்தப் பொண்ணு ஆராய்ச்சியே வேண்டாம்னு விட்டுட்டுப் போயிட்டாளாம். நான் அப்ப சிரிச்சேன்."

அவருக்கு அவமானமாக இருந்தது. அது முகத்தில் தெரிந்தது. மறைக்க அவர் முயலவும் இல்லை.

போனை எடுத்தார். "விசாரணைக் குழுவா? சோல்வேய் பேசறேன். ஆமா, வெள்ளிக்கிழமை. கூட்டத்தை ரத்து பண்ண வேண்டாம். பேரை மட்டும் மாத்திக்கங்க. எட்செவெரியை எடுத்துடுங்க. அந்த இடத்துல என் பேரைப் போடுங்க." எதிர்முனை ஏதோ கேட்டது. "இல்ல, தட்டச்சுப் பிழை இல்ல. நான்தான்."

போனை வைத்தவர் தரையில் இருந்தவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். "நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும், வாஷிங்டன்."

"வெள்ளிக்கிழமை நானும் வரேன்" என்றான் அவன். "நீங்க பொய் சொல்லல, காபிதான் குடிச்சீங்கன்னு அவங்களுக்கும் யாராவது சொல்லணும் இல்ல?"

*

அகாலத்தில் மாட்டு மணி அடித்ததும் தளமே பதறியடித்துக்கொண்டு ஃபீக்கா அறைக்கு ஓடி வந்தது. சோல்வேய் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். எதையும் பூசி மெழுகவில்லை. வாஷிங்டனிடம் அத்தனை பேருக்கு முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். சிலர் தலையைக் குனிந்தார்கள். ஒருவர் மூக்கைச் சிந்தினார்.

"இன்னும் ஒண்ணு" என்றார். "இனிமே ட்யூப் வெளிய இருக்கும்போது ஃபீக்கா கிடையாது. கையில இருக்கற வேலை முடிஞ்சாத்தான் காபி. அது எவ்வளவு நேரமானாலும் சரி."

அறை உறைந்தது. அத்தனை தலைகளும் மெல்ல மெல்ல வாஷிங்டன் பக்கம் திரும்பின. நேற்று வரை அவன் மேல் இருந்தது வெறும் சந்தேகம். இப்போதுதான் அவர்களுக்கு உண்மையான காரணம் கிடைத்திருந்தது.

"பாஸ்," சிக்ஸ்டன் கிசுகிசுத்தான், "இவனைக் காப்பாத்தினோமா, மாட்டி விட்டோமா?"

தாக்னியின் கை வழக்கம்போலக் காதுக்குப் போனது. பாதி வழியில் நின்றது. இதை அவரும் கேட்க விரும்பினார் போலிருக்கிறது.

சோல்வேய் மாட்டு மணியை எடுத்து வாஷிங்டன் கையில் வைத்தார். "இனிமே இதை நான் அடிக்கறதா இல்ல. அடிக்கற தகுதி இங்க ஒருத்தனுக்குத்தான் இருக்கு."

வாஷிங்டன் மணியைப் புரட்டிப் பார்த்தான். அந்த ஊர் வழக்கம் எதுவும் அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் மணி எதற்கென்று தெரிந்திருந்தது. நாக்கு ஆடாமல் அதை விரலால் பிடித்துக்கொண்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

"யாரோட ட்யூபாவது இப்ப வெளிய இருக்கா?" என்று கேட்டான்.

பிறகு மூலையிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி காது மடல் வரை சிவந்து எழுந்து, யாரையும் பார்க்காமல் செல் அறையை நோக்கி ஓடினாள். வாஷிங்டன் அவள் ஐஸ் வாளியோடு திரும்பி வரும்வரை காத்திருந்தான். அப்புறம் மணியை அடித்தான்.